கால் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்த மகனுக்கு வைத்தியம்: பாளையங்கோட்டை கிளினிக் ஒன்றைப் பற்றி

கால் கட்டைவிரலில் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்த பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில், பெண் அறுவை மருத்துவர் ஒருவர் சாயங்காலம் மட்டும் பார்க்கிற கிளினிக் இது. விளம்பரம் மாதிரி ஆகிவிடும், பேரைப் போட வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டதால் பேர் போடவில்லை. அங்கே என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

மகன் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி, அதனால் அவனுக்கும் ஹாக்கி. விடிந்தும் விடியாததுமாகப் பயிற்சிக்குப் போய்விடுவான். செயற்கைப் புல் மைதானத்தில் தண்ணீர் தெளித்துத்தான் ஆடுவார்கள், ஷூ, சாக்ஸ் எல்லாம் ஈரமாகிவிடும். வந்ததும் காலை அரைகுறையாகத் துடைத்துப் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவுக்குள் விட்டால் சாயங்காலம்தான் வெளியே எடுப்பான். இந்த வயதில் கால் எவ்வளவு வேகமாக வளரும் என்று பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஜூனில் வாங்கிய ஷூ தீபாவளிக்குள் முன்பக்கம் முட்ட ஆரம்பித்துவிடும். ஊறிப்போன நகம், இரண்டு பக்கமும் நெருக்குகிற ஷூ, நகத்தின் ஓரத்தை வளைத்து உள்ளே வரைக்கும் வெட்டுகிற பழக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் மாட்டுவது கட்டைவிரல். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது நிறைய வருகிறது, விளையாடுகிற பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய என்று டாக்டரம்மா சொன்னார்.

முதலில் ஓரம் சிவந்தது. அப்புறம் வீங்கி, ராத்திரியில் போர்வை பட்டாலே காலை இழுத்துக்கொள்கிற அளவுக்கு விண் விண்ணென்று தெறித்தது. ஆச்சி, அதாவது என் அம்மா, இது நகச்சுத்திதான் என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டினார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார். இதமாக இருக்கிறது என்றான். ஆனால் குத்துகிற நகமுனை உள்ளேதானே இருக்கிறது, அது வெளியே வராமல் மேல்பூச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மருத்துவரிடம் காட்டினோம். விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் எழுதினார். சாப்பிடுகிற வரைக்கும் சீழ் வற்றும், நிறுத்தினால் திரும்பக் கோத்துக்கொள்ளும். மறுபடி போனால் அதைவிட வீரியமாக இன்னொன்று. இதற்குள் நகத்தின் ஓரத்தில் செக்கச் செவேலென்று மிளகு அளவுக்கு ஒரு சதை முளைத்துவிட்டது. லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும்.

இன்னோர் இடத்தில், நகத்தை மொத்தமாகப் பிடுங்கிவிடலாம், நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். புது நகம் வளர்ந்து வந்தபோது அதே ஓரத்தில் அதே மாதிரி குத்தியது. என்னோடு வேலை பார்க்கிற அக்கா ஒருவர்தான் பாளையங்கோட்டைக்குப் போகச் சொன்னார், அவருடைய மகளுக்கு அங்கே சரியாகியிருந்தது.

டோக்கன் போனிலேயே போட்டுக்கொள்ளலாம். போடும்போதே போன் எடுத்த பெண், "பையன் போடுற ஷூ எல்லாத்தையும் கொண்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். எதற்கு என்று உள்ளே போனதும் தெரிந்தது. டாக்டரம்மா விரலைப் பார்த்த கையோடு ஹாக்கி ஷூவை வாங்கி, உள்ளே இருக்கிற இன்சோலை உருவித் தரையில் போட்டார். "தம்பி, எழுந்து இது மேல நில்லுப்பா." நின்றான். கட்டைவிரல் இன்சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே கிடந்தது, ஓரத்திலும் சதை பிதுங்கி நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனே குனிந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். விரலில் கை வைப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்க்கிற டாக்டரை எங்காவது பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

அப்புறம் விரல் நுனியில் குத்திச் சுகர் பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று ஆச்சி கேட்டார். கால் புண் என்று யார் வந்தாலும் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை என்றார் டாக்டரம்மா. காலில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டது, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா, ரத்தம் உறையத் தாமதமாகிற வியாதி வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் விரலை வரைந்து காட்டித்தான் பேசினார். நகம் முழுவதும் வேரிலிருந்து வருகிறது, வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. குத்துகிற ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வேர் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓரத்து வேரில் ஃபீனால் என்கிற மருந்தைத் தேய்த்தால் அந்த இடத்தில் மட்டும் இனி நகம் முளைக்காது. மீதி நகம் அப்படியே இருக்கும், முன்னைவிடக் கொஞ்சம் ஒடுங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். வேரை விட்டுவிட்டு நகத்தை மட்டும் பிடுங்கினால் அது திரும்ப வளரும், பாதிப் பேருக்கு மேல் திரும்பக் குத்துவதை நானே பார்க்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், அறுவையோடு ஃபீனால் சேர்த்தால் நகம் திரும்பக் குத்துவது குறைகிறது என்றுதான் சொல்கிறது. பழைய ஆன்டிபயாடிக் சீட்டுகளை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "உள்ள குத்துறதை எடுத்துட்டா சீழ் தானா வத்திரும்மா. இனிமே இது வேண்டாம்."

இதைவிட எனக்கு நம்பிக்கை கொடுத்தது இடது கால்தான். அந்தக் கட்டைவிரலிலும் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று நான் கேட்டேன். கூடாது என்று சொல்லிவிட்டார். சிவப்பும் வலியும் மட்டும் இருந்தால் வெட்டவே தேவையில்லையாம். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் காலை ஊறவைத்து, நகமுனையை மெல்லத் தூக்கி, துளி பஞ்சைத் திரியாக உருட்டி அடியில் வைத்துக் காட்டினார். பக்கத்துச் சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து ஒரு பிளாஸ்டரைக் கட்டைவிரலைச் சுற்றி ஒட்டினார். தினமும் திரியை மாற்றச் சொன்னார். காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிறவரிடம் வலது காலைக் கொடுக்க எனக்குப் பயம் இல்லை. அந்த இடது கால் இப்போது கத்தி படாமலே சரியாகிவிட்டது.

வலது காலுக்கு அன்றைக்கே செய்தார்கள். மைனர் பையன் என்பதால் நான் கையெழுத்துப் போட்டேன், தலைமாட்டில் ஸ்டூல் போட்டு என்னையும் உள்ளே உட்காரவைத்தார்கள். மரத்துப்போகிற ஊசியை விரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் போடுகிறார்கள். வலி என்றால் அதுதான் வலி, அதை மறைக்காமல் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாக்டரம்மாவும் மறைக்கவில்லை. "இந்த ஊசி எரியும் தம்பி, அதுக்கப்புறம் நான் தொடுறதுதான் தெரியும், வலி தெரியாது." மகன் என் கையைப் பிடித்து நெரித்தான். அப்புறம் சில நிமிடம் காத்திருந்து, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டு, உணர்ச்சி இல்லை என்று உறுதியான பிறகுதான் ஆரம்பித்தார்.

ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி, அதைக் கட்டைவிரலில் மாட்டி அடிவரை சுருட்டிவிட்டார்கள். ரத்தம் வராமல் தடுக்க அதுதான் கட்டு. தட்டையான ஒரு கருவியை நகத்துக்கு அடியில் விட்டு ஓரத்தை மட்டும் சதையிலிருந்து பிரித்து, கத்தரியால் நேராக வேர் வரைக்கும் வெட்டி, இடுக்கியால் பிடித்து மெல்ல முறுக்கி இழுத்தார். வந்தது. அதைக் காஸ் துணியில் வைத்துக் காட்டினார். மேலே நமக்குத் தெரிந்த நகம் கொஞ்சம்தான். உள்ளே மறைந்திருந்த முனை தூண்டில் முள் மாதிரி கொக்கி போட்டு நின்றது. இத்தனை நாளும் அதுதான் சதைக்குள் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முளைத்திருந்த சிவப்புச் சதையையும் சுரண்டி எடுத்தார்.

ஃபீனால் பட்டால் நல்ல தோலும் வெந்துபோகும். அதனால் சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, மெல்லிய பஞ்சுக்குச்சியில் மருந்தைத் தொட்டு, நகம் இருந்த பள்ளத்துக்குள் விட்டு, வேர் இருக்கிற மூலை வரைக்கும் தேய்த்தார். ஒரு நிமிடம் போலத் தேய்ப்பது, குச்சியை மாற்றுவது, மறுபடி தேய்ப்பது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கழுவிவிட்டார்கள். இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தேன். "ரப்பர் எடுத்தாச்சா?" என்று சிஸ்டர் சத்தமாகக் கேட்க, "எடுத்தாச்சு" என்று டாக்டரம்மா சத்தமாகச் சொல்லி, சுருட்டிய அந்த ரப்பரைத் தட்டில் போட்டுக் காட்டினார். வெளுத்திருந்த விரல் திரும்பச் சிவந்து ரத்தம் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் கட்டுப் போட்டார்கள். அந்த ரப்பரை மறந்து கட்டுக்குள் விட்டுவிட்டால் விரலே போய்விடும் அபாயம் இருக்கிறது. நீங்கள் உள்ளே இருந்தால் நீங்களும் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா ஆச்சி பக்கம் திரும்பினார். ஆச்சிக்குச் சுகர் உண்டு என்று நான் ஆரம்பத்தில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். "உங்க காலைக் காட்டுங்கம்மா" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆச்சி சேலையை இழுத்து மூடிக்கொண்டார். டாக்டரம்மா கீழே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். மீன் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்ததாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக அதை வைத்து அழுத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். இரண்டு இடத்தில் ஆச்சி பதில் சொல்லவே இல்லை. தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

பழைய பிளேடால் தானே கால் நகத்தை வெட்டிக்கொள்கிறவர் ஆச்சி. இனி பிளேடே எடுக்கக் கூடாது, வீட்டில் வேறு யாராவதுதான் வெட்டிவிட வேண்டும், வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தில் வெயிலில் நடக்கக் கூடாது, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். உணர்ச்சி குறைந்த காலில் இதே மாதிரி நகம் குத்தினால் வலியே தெரியாது, சீழ் எலும்பு வரை போன பிறகுதான் வீட்டில் கவனிப்பார்கள் என்றார். இதற்குத் தனியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. பேரனுக்குத் துணையாக வந்த ஆச்சிக்கு அன்றைக்குக் கிடைத்தது பேரனுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது என்றுதான் நான் நினைக்கிறேன். சுகர் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நகம் குத்துகிறது என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே வாரம் ஒருமுறை காலைத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் வைத்து ஓரத்தை நோண்டாமல் நேராக டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மரப்பு விட்டதும் வலிக்கத்தான் செய்யும். பாராசிட்டமால் போதுமாக இருந்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கவைத்தோம். மறுநாள் கட்டைப் பிரித்தபோது துணி ஒட்டிக்கொண்டது, வெந்நீர் விட்டு நனைத்து எடுத்தோம். அதன் பிறகு தினமும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர், நன்றாகத் துடைத்து ஈரம் போன பிறகு கட்டு. இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். ஃபீனால் வைத்த இடம் வெந்த புண் மாதிரிதான் ஆறும், மஞ்சளாக நீர் இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் கசியும். அது சீழ் இல்லை என்று அச்சடித்த தாளிலேயே போட்டிருந்தார்கள், தமிழில். சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறினால், காய்ச்சல் வந்தால், குறைந்த வலி திரும்பக் கூடினால் அன்றைக்கே வரச் சொல்லி அதே தாளில் இருந்தது. ஒரு ராத்திரி கசிவு அதிகமாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். சாதாரணம்தான், கட்டை இறுக்கிப் போடாதீர்கள் என்று சிஸ்டர் பதில் அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் ஷூ இல்லாமல் விடமாட்டார்கள் என்று சொன்னதும் முன்பக்கம் திறந்த செருப்பு போட அனுமதி கேட்டு டாக்டரம்மாவே கடிதம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை. ஹாக்கிக்கு இரண்டு வாரம் போகக் கூடாது என்று மகனிடமே நேராகச் சொன்னார். நான் சொன்னால் கேட்கமாட்டான், அவர் சொன்னதும் கேட்டான். புது ஷூ வாங்கச் சாயங்காலமாகப் போக வேண்டும், அப்போதுதான் கால் அதன் முழு அளவில் இருக்கும், நின்றுகொண்டு போட்டுப் பார்த்து நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும் என்றார். நகத்தை நேராக வெட்டி இரண்டு மூலையையும் சதைக்கு வெளியே தெரிகிற மாதிரி விடச் சொன்னார். கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளருமாம், அதனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வெட்டினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது. கால் வைத்தியத்துக்கு வருகிறவர்களை மாடி ஏறச் சொல்வது நியாயமே இல்லை. கம்பவுண்டர் தம்பி இறங்கி வந்து பிடித்துக்கொண்டு ஏற்றிவிடுகிறார், ஆனாலும் வயசானவர்களுக்குக் கஷ்டம், இதை டாக்டரம்மாவிடமே சொன்னேன். கீழே வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். டோக்கன் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் இவ்வளவு பேசினால் நேரம் ஆகத்தானே செய்யும், அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். பகலில் போன் எடுப்பதில்லை, நான்கு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

செலவு ஃபீஸ், ஊசி, முதல் கட்டு எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்குள் முடிந்தது, ரசீது கொடுத்தார்கள். அதுவும் முடியாதவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் இதைக் காசில்லாமல் செய்கிறார்கள், டாக்டரம்மாவே ஒருவருக்கு அப்படிச் சீட்டு எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். எங்கே போனாலும், ஓரத்தை மட்டும் எடுப்பீர்களா, வேருக்கு ஃபீனால் வைப்பீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கோவில்பட்டியிலிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலி புது பஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம். திரும்பிப் போகும்போது பையனுக்குக் காலை நீட்டி உட்கார இடம் வேண்டும், கூட்ட நேரத்துப் பஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். பையில் ஒரு பெரிய சைஸ் பழைய ரப்பர் செருப்பை எடுத்துப்போங்கள், கட்டுப் போட்ட காலுக்கு அதுதான் நுழையும்.